சேத்தாண்டியின் தோல்

என் அப்பாவின் வலது கையை நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கு வெட்டக் கொடுத்தவன் நான். வெட்டியவர்கள் போலந்திலும் பிரேசிலிலும் இருந்தார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர்களுக்கு அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் சதுப்புநிலப் பிராணியின் தோல், அவ்வளவுதான். அது யாருடைய தோல் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

இது 2007-இல் நடந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் டிராயிங் போடும் வேலை எனக்கு. பகலெல்லாம் தண்ணீர்த் தொட்டியும் புகைபோக்கியும் வரைவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் பழைய கம்ப்யூட்டரைப் போட்டால் வேறு உலகம். வாள், மந்திரம், குகை என்று ஒரு விளையாட்டு. அதை விளையாடுவதைவிட அதற்குள் புதிதாக எதையாவது செய்து நுழைப்பதில்தான் எனக்குப் பைத்தியம். அதற்கான கருவிகளை விளையாட்டைச் செய்தவர்களே கொடுத்திருந்தார்கள். என்னைப் போன்ற பைத்தியங்கள் உலகம் முழுக்க இருந்தார்கள், இன்டர்நெட்டில் ஒரு ஃபோரத்தில் கூடுவோம். ஒருவன் குதிரை செய்வான், ஒருத்தி கவசம் செய்வாள், செய்ததை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இதில் பைசா கிடையாது, பேர்தான் கிடைக்கும். அந்தப் பேருக்குத்தான் நாய் மாதிரி அலைந்தேன்.

ஃபோரத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதைச் செய்து போட்டாலும் கூடவே ரீட்மீ என்று ஒரு குறிப்பு வைக்க வேண்டும். எந்தப் படம் எங்கே எடுத்தது, யாருடையது, உடையவரைக் கேட்டாயிற்றா என்று அதில் எழுத வேண்டும். கேட்காமல் எடுத்தது தெரிந்தால் அன்றைக்கே துரத்திவிடுவார்கள்.

ஜுவைரியா அக்காவை எனக்குத் தெரியவந்ததே ஒரு ரீட்மீயால்தான். யாரோ செய்து போட்ட ஒரு அரசியின் அங்கியை இறக்கிப் பார்த்தேன். சரிகை அப்படி மின்னியது. குறிப்பில், "சரிகை, பழவேற்காட்டில் எங்கள் கடைத் துணியிலிருந்து ஸ்கேன் செய்தது. வாப்பாவிடம் கேட்டாயிற்று" என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. நாற்காலியிலிருந்து விழாத குறைதான். உலகமெல்லாம் சுற்றி வந்தால் பக்கத்து ஊர்! பொன்னேரியில் அவருடைய அண்ணன் சஹாபுதீன் நடத்திய பிரவுசிங் சென்டரை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை ரயிலேறிப் போய் அறிமுகம் செய்துகொண்டேன். என்னைவிட ஆறு வயது பெரியவர்.

"ஓ, அந்தப் பூரானச் செஞ்சவன் நீதானா? காலு எல்லாத்தியும் ஒரே நேரத்துல தூக்குது பா. பூரானு இன்னா மார்ச் பாஸ்ட்டா போவுது?" என்றார். முதல் பேச்சே அதுதான்.

அதிலிருந்து சனிக்கிழமை தோறும் போவேன். நான் பிராணி செய்வேன், அவர் துணி தைப்பார். தைப்பது என்றால் மவுஸில்தான். ஆனால் மடிப்பு எங்கே விழும், தையல் எங்கே இழுக்கும் என்று துணிக்கடையில் வளர்ந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா?

அந்த வருடம் ஜனவரியில் நான் ஆரம்பித்ததுதான் சேத்தாண்டி. சேற்றுக்குள்ளிருந்து எழுந்து வரும், மூன்று ஆள் உயரம், கை தரையில் இழுபடும். வெள்ளைக்காரர்கள் வாயில் அந்தப் பேர் நுழையாது என்று தெரிந்தே வைத்தேன். எலும்பு, நடை, உறுமல் எல்லாம் அமைந்துவிட்டது. தோல்தான் அமையவில்லை. உருவத்தின் மேல் நிஜப் பொருள் எதையாவது படம் பிடித்துப் போர்த்துவதுதான் எங்கள் முறை. பலாப்பழத்தைப் போர்த்தினேன், நடக்கிற பலாப்பழமாகத்தான் இருந்தது. துருப்பிடித்த தகட்டைப் போர்த்தினேன், பழைய இரும்புக் கடையிலிருந்து எழுந்து வந்த மாதிரி இருந்தது. கருவாட்டைக்கூட விடவில்லை. ஒரு மாதம் இதே பேஜாரு.

இப்போது நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பேர் வரதன். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி. நைனா கம்பி உருட்டும் மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போதைக்கு ஆறு வருடத்துக்கு முன்னால் பழுக்கக் காய்ந்த கம்பி ஒன்று பாதையிலிருந்து எகிறி அவர் வலது கையைச் சுற்றியது. முழங்கைக்கு மேலிருந்து விரல்வரை வெந்துபோனது. உயிர் பிழைத்தார், கையும் வேலை செய்தது. ஆனால் தோல் தோலாக இல்லை. ஓரிடத்தில் வழவழவென்று சிவந்து, ஓரிடத்தில் கறுத்து, விரல்களுக்கு நடுவே இழுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு அந்தக் கையில் அம்மாவின் பேரைப் பச்சை குத்தியிருந்தார். ஞானம்மா என்ற பேரில் நெருப்பு விட்டுவைத்தது 'ஞா' மட்டும்தான். அதற்கப்புறம் அவர் மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு கிடங்கின் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தார். யாராவது கை கொடுக்க வந்தால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். கும்பிடும்போதும் இடது கை மேலே இருக்கும்.

பிப்ரவரியில் என் தங்கை பிரின்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை யேசுதாஸ் வேப்பம்பட்டுக்காரர், நல்ல பையன். மே மாதம் சர்ச்சில் கல்யாணம். பெண்ணின் கையைப் பிடித்து வாசலிலிருந்து பாஸ்டர் நிற்கும் ஆல்டர்வரை அழைத்து வந்து மாப்பிள்ளையின் கையில் வைக்க வேண்டியது அப்பாதான். நைனாவுக்கு அந்தக் கவலை பிடித்துக்கொண்டது.

"என் தம்பி கலியன் கூட்டிக்கினு வரட்டும் ஞானம். அன்னிக்கி அம்மாம் பேரும் கையத்தான் பாப்பாங்க. வீடியோக்காரன் வேற கிட்ட வந்து எடுப்பான்" என்றார்.

"நைனா வரலைன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வாணாம்" என்று பிரின்சி ஓவென்று அழுதாள். அம்மாவும் அழுதாள். நைனா பனியனோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அப்போது ஜன்னல் வெளிச்சம் சாய்வாக அவர் கை மேல் விழுந்தது.

வீடே அழுதுகொண்டிருந்தது. நான் பார்த்தது என்ன தெரியுமா? ஈரமாக மின்னும் மடிப்பு, கறுப்பிலிருந்து சிவப்புக்கு மாறும் ஓரம். ஒரு மாதமாகத் தேடிய தோல். தூ என்று என் முகத்தில் நானே துப்பிக்கொள்ள வேண்டும்.

"நைனா, நெட்ல ஒரு ஸ்கின் டாக்டர் கீறாரு. போட்டோ எடுத்து அனுப்புனா பாத்து மருந்து சொல்வாராம்" என்றேன்.

நிஜமாகவே அப்படி ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்துவிடலாம் என்று அந்த நிமிஷம் நம்பினேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. அது இரண்டாவது பொய்யாகிவிடும்.

மறுநாள் கம்பெனி கேமராவைக் கேட்டு வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நைனாவை உட்காரவைத்தேன். திருப்பச் சொன்னால் திருப்பினார், விரலை விரிக்கச் சொன்னால் விரித்தார். நாற்பத்திரண்டு படம். அவ்வளவு நேரம் அவர் அந்தக் கையை யாரிடமும் காட்டியதில்லை.

"இன்னும் கிட்ட வெச்சி எடு. டாக்டருக்குத் தெளிவாத் தெரியணும்ல?" என்றார். இன்னும் கிட்டே வைத்து எடுத்தேன்.

மூன்றே நாளில் சேத்தாண்டிக்கு உயிர் வந்துவிட்டது. பச்சை குத்திய எழுத்தை மட்டும் படத்தில் கவனமாக அழித்தேன். ரீட்மீயில், "தோல், என் சொந்தப் புகைப்படங்கள்" என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை பாருங்கள். ஃபோரத்தின் முதல் பக்கத்திலேயே போட்டார்கள். இரண்டு வாரத்தில் நாலாயிரம் பேர் இறக்கிக்கொண்டார்கள். பார்த்ததும் அருவருப்பாக இருக்கிறது, இரவில் தூக்கம் வரவில்லை, பிரமாதம் என்று பாராட்டினார்கள். ஒரு போலந்துக்காரன், தொடையில் இருக்கும் மந்திர எழுத்து அழகு என்று எழுதியிருந்தான். ஏதோ சுருக்கத்தைச் சொல்கிறான் என்று அவனுக்கும் நன்றி போட்டேன். அருவருப்பு என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்துச் சந்தோஷப்பட்டேன்.

வீட்டில் நைனா தினமும் கேட்டார். "டாக்டரு பதில் போட்டாரா?"

"பிசியான ஆளு நைனா."

"சரி சரி. மெதுவா வரட்டும்."

பத்தாவது தடவை கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் கோபம்! மெடிக்கல் ஷாப்பில் பித்தவெடிப்புக்குப் பூசும் கிரீம் ஒன்று வாங்கி, அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டேன். டியூபின் மேல் ஒட்டியிருந்த பேரையும் சுரண்டினேன். "டாக்டர் இத்தப் போடச் சொன்னாரு. காலைல ஒரு தபா, சாய்ந்தரம் ஒரு தபா" என்று கொடுத்தேன். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து வேளை தவறாமல் ஜெபம் செய்துகொண்டே தடவுவாள். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வேன்.

மார்ச் கடைசியில் ஜுவைரியா அக்கா சேத்தாண்டிக்கு உடுப்பு செய்ய ஆரம்பித்தார். சேத்தாண்டிகளுக்கு ஒரு ராஜா, அவனுக்கு ஒரு போர்வையும் இடுப்புத் துணியும் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியிடுவதாகப் பேச்சு. ஒரு வாரமாக அந்தத் தோலைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து அதற்கேற்ற நிறத்தில் துணி தேடிக்கொண்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை நான் போனபோது திரையில் ஒரு தொடை மட்டும் இருந்தது.

"லோகு, இங்க வா. இடுப்புத் துணிய ஒட்டவெக்க உள்தொடையப் பெர்சாக்கினேன். இது இன்னா?"

பார்த்தேன். நாங்கள் பிராணியின் ஒரு பாதிக்குத்தான் தோல் வரைவோம். மறு பாதிக்கு அதையே கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போடுவோம். உடம்புக்கான படத்தில் எழுத்தை அழித்த நான், யாரும் பார்க்காத உள்தொடைக்கு அழிப்பதற்கு முன்பு எடுத்து வைத்த பழைய நகலையே ஒட்டியிருந்தேன். திருப்பிப் போட்ட அந்தத் தொடையில் பச்சை நிறத்தில் ஏதோ இடம் வலம் மாறிய கிறுக்கல். போலந்துக்காரனுக்கு மந்திர எழுத்து. அக்கா மவுஸை ஒரு தடவை அழுத்திப் படத்தைத் திருப்பினார்.

'ஞா' என்றிருந்தது.

"பச்ச குத்துனது. மனுசத் தோலு" என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது. "யார்து?"

"நைனாவோடது."

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். சுட்டுவிட்டது போல. "கேட்டு எடுத்தியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டை மாடி, டாக்டர், கிரீம், எல்லாம். சொல்லச் சொல்ல என் காதே எரிந்தது. பக்கத்து கேபினில் யாரோ சத்தமாகப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"நா ஒரு ஜாண் துணிக்கி எங்க வாப்பா கிட்ட கேட்டுக்கினு எழுதறேன். நீ பெத்தவரு தோல உரிச்சிக்கினு வந்து கடை போட்டுக்கிற" என்றார். படத்தை மூடிவிட்டு, "நானும்தான் ஒரு வாரமா இத்தப் பாத்து சூப்பரு சூப்பருன்னு இருந்தேன். சே" என்றார்.

"இப்பவே எடுத்துடறேங்கா."

"எடுத்துட்டா ஆச்சா? அவருகிட்ட போய்ச் சொல்லு. அவரு மூஞ்சப் பாத்துச் சொல்லு. அதுவரிக்கும் இங்க வராத."

அங்கேயே உட்கார்ந்து ஃபோரத்திலிருந்து சேத்தாண்டியை எடுத்தேன். கறந்த பால் மடியேறுமா? நாலாயிரம் வீட்டில் அது நடமாடிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் ஞாயிறு. அம்மாவும் பிரின்சியும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். நைனா கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் போவார், அதனால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். "நைனா, உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். வாயால் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, அதனால்தான் காட்டினேன். விளையாட்டைத் திறந்து சதுப்பு நிலத்துக்குப் போனேன். தூரத்தில் சேத்தாண்டி எழுந்தது.

"இது இன்னா, மொதலையா?"

"நா செஞ்சது நைனா. தோலு... உங்க கையி. டாக்டருக்குன்னு எடுத்த போட்டோ."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு தன் கையைத் தூக்கி மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அப்டியே கீது" என்றார். ஒரு நொடி அவர் முகத்தில் ஆச்சரியம்கூட இருந்தது.

அதற்குள் சேத்தாண்டி எங்களைப் பார்த்துவிட்டது. கையை இழுத்துக்கொண்டு உறுமியபடி வந்தது. விளையாட்டை நிறுத்தியிருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை. ஆயிரம் தடவை பழகிய விரல் தானாக அழுந்தியது. வாள் இறங்கியது. சேத்தாண்டி அலறிக்கொண்டு கையை நீட்டியபடி சேற்றில் விழுந்தது.

நைனா தன் கையை வெடுக்கென்று மடியில் இழுத்துக்கொண்டார்.

நான் மானிட்டரை அணைத்தேன். அவரைப் பார்க்க முடியவில்லை. பார்க்கச் சொல்லித்தான் அக்கா அனுப்பினார், முடியவில்லை.

"அப்போ டாக்டரு?"

"இல்ல நைனா. யாருக்கும் அனுப்பல."

"மருந்து?"

"பித்தவெடிப்புக்குப் போடறது."

தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்று, குடங்கள் இடிபடும் சத்தம் கேட்டது. அடித்தால் தேவலை என்று இருந்தது. திட்டினால்கூடப் போதும்.

"இந்தத் தோலு சரியாவாதுன்னு ஆஸ்பத்திரில அன்னிக்கே சொல்ட்டாங்க. எனக்குத் தெரியாதா என் கையி?" என்றார் கடைசியில். "ஆனா நீ அன்னிக்கி மாடியில அம்மாம் நேரம் உக்காந்து பாத்தே பாரு. ஆறு வருசத்துல இந்தக் கைய நீ பாத்தது அன்னிக்கித்தான். சோறு துன்றப்பக் கூட வேற பக்கம் திரும்பிக்குவே. அதான் காட்டினேன். ஒருவேள புதுசா எதுனா மருந்து வந்துக்குமோன்னு ஒரு நப்பாசயும் வந்துச்சி."

சோறு தின்னும்போது நான் திரும்பிக்கொள்வது அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அந்த ஆறு வருடத்துக்கும் சேர்த்து வெட்கம் அப்போதுதான் வந்தது. அழுதேன். அவர் அழ விட்டார், சமாதானம் செய்யவில்லை.

"உங்கம்மா கிட்ட மட்டும் சொல்லாத" என்றார். "சுருக்கம் கொறஞ்சிக்கினு வருதுன்னு சர்ச்சுல எழுந்து நின்னு சாட்சி சொல்லிட்டு வந்துகிறா. அந்தப் பேச்ச நம்பித்தான் பிரின்சி சிரிச்ச மூஞ்சோட கீது. நானும் ஆல்டர் வரிக்கும் வரேன்னு ஒத்துக்கினேன். இப்போ போய் ஒடைக்காத."

"சரி நைனா."

"எனக்கு இனிமே எதுவும் செஞ்சி காட்டாத."

"சரி."

அம்மாவும் பிரின்சியும் பதினொரு மணிக்கு வந்தார்கள். அம்மா பைபிளை வைத்த கையோடு டியூபை எடுத்துக்கொண்டு நைனா பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணை மூடி ஜெபம் செய்தாள். நைனா கையை நீட்டினார்.

"லோகு, இங்க வாடா. எப்பப் பாரு டப்பா முன்னாடியே குந்திக்கினு. வந்து பாரு, கட்டவெரல் கிட்ட எப்டி கொறஞ்சிக்கீதுன்னு. பாஸ்டரம்மா கூட சொன்னாங்க. எல்லாம் நீ தேடிப் புடிச்ச டாக்டராலதான். கர்த்தர் உன்னிய நல்லா வெப்பாரு."

போய் உட்கார்ந்தேன். பார்த்தேன். எதுவும் குறையவில்லை.

"ஆமாம்மா, கொறஞ்சிக்கீது" என்றேன்.

"எனக்கு முட்டி வலிக்குது. இன்னிக்கி நீ தடவி வுடு" என்று டியூபை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மா உலை வைக்க எழுந்தாள்.

நைனாவின் கையை என் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டேன். நாற்பத்திரண்டு படம் எடுத்தபோது ஒரு தடவைகூட நான் அதைத் தொடவில்லை. மற்றக் கையைப் போலவே அதுவும் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தடவ ஆரம்பித்தேன்.